ஜுருவில் விழுந்த நிழல்

எங்கள் ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒரு மளிகைக்கடை நாட்காட்டி தொங்கியது. மேலே முருகன் படம். கீழே ஒவ்வொரு நாளுக்கும் நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம். துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த தமிழ்க் கடைத்தெருவில் சாமான் வாங்கியபோது கொடுத்தார்கள் என்று சொல்லி, என் ஆய்வு மாணவர் அதைக் கொண்டுவந்து ஆணி அடித்து மாட்டினார். அதில் சில நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். துறையில் தட்டச்சு வேலை பார்த்த மலாய்க்கார அக்கா ஒருநாள், இவையெல்லாம் உங்கள் விரத நாட்களா என்று என்னிடம் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். செயற்கைக்கோள் எங்கள் தலைக்கு மேலே கடந்துபோகும் நாட்கள் அவை. பதினாறு நாளைக்கு ஒருமுறை, காலை பத்தரை மணி வாக்கில், அது பினாங்கின் மேல் வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் மேகம் இல்லாவிட்டால் நிலம் தெரியும். இருந்தால் வெறும் பஞ்சுதான். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் லா, டாக்டர். இத சேட்டலைட்டுக்கு யாரு சொல்றது?" என்பார் அவர், எங்கள் மலேசியப் பேச்சின் 'லா'வைச் சேர்த்து.

மாணவர் என்று எழுதுகிறேனே தவிர, அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இடைநிலைப் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியராக இருந்தவர். அதனால் நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னை 'டாக்டர்' என்பார். மாணவரை ஆசிரியை சார் என்று அழைப்பதைக் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்கள் சிரிப்பார்கள். நான் பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு அத்தனை வருடம் கழித்தும் யாழ்ப்பாணப் பேச்சு மாறவில்லை. சாரும் டத்தோ கிராமாட்டில்தான் இருந்தார், எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி. ஏதோ ஒரு வரைபடத்தைக் கொடுக்க வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துவிட்டு, "உன்ர மாணவனைப் பாத்தால் உனக்குப் பாடம் எடுக்க வந்த ஆள் மாதிரியெல்லே கிடக்கு" என்றார் அம்மா. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அவருக்கு அது கேட்டுவிட்டது. "அப்படித்தாம்மா எல்லாரும் சொல்றாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் வெளிநாட்டில் படிப்பை முடித்துத் திரும்பியிருந்தேன். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டையும் ஆற்றையும் கரையையும் படிப்பதற்குத் தொலையுணர்வு என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் டெலிபதியா என்று கேட்ட உறவினர்களும் எனக்கு உண்டு. பல்கலைக்கழகம் எனக்கு ஓர் அறையும் ஒரு கணினியும் கொடுத்து, சுற்றுச்சூழல் தொலையுணர்வில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளலாம் என்றது. எங்கள் துறையில் அப்படி ஓர் ஆய்விடம் அதுதான் முதல். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் பட்டம் வாங்கியவர்கள். நல்ல மதிப்பெண், புதுச் சட்டை, மனப்பாடம் செய்த பதில். கடைசியாக இவர் வந்தார். இந்த வயதில் எதற்கு என்று துறைத்தலைவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். பள்ளி அட்லஸில் அக்கரையிலிருக்கும் ஜுரு கழிமுகத்துக்குப் பச்சை வண்ணம் போட்டிருக்கிறது, அலையாத்திக் காடு என்று, நானும் பச்சை என்றுதான் வகுப்பில் சொன்னேன், ஜுருவிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, சார் அங்கே ஆலைதான் இருக்கிறது என்றான், வகுப்பே சிரித்தது, அதனால் வந்தேன் என்றார். அவர் பிறந்ததும் ஜுருவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அதை நேர்முகத்தில் அவர் சொல்லவில்லை. நான் அவருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று வாதாடி வாங்கிக்கொடுத்தேன்.

அவருக்கு அது ஒரே வாய்ப்பு. ஆசிரியர்களுக்கு மேற்படிப்பு விடுப்பு ஒருமுறைதான் கிடைக்கும். அதற்குள் முடிக்காவிட்டால் வெறுங்கையோடு பள்ளிக்குத் திரும்பவேண்டியதுதான். வயது வரம்பு காரணமாக வேறெங்கும் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. "இது கடைசி பஸ்ஸு டாக்டர். இத விட்டா நடைதான்" என்பார். அவர் மனைவி பாலர் பள்ளியில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது என்பதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மதியம் கேன்டீனுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார் என்பதிலிருந்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

ஆய்வு சொல்வதற்கு எளிமையானது. ஜுரு கழிமுகத்தின் பழைய படம் ஒன்று, மேகமில்லாமல், எங்களிடம் இருந்தது. அதே இடத்துக்குப் புதிதாக ஒரு படம் வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் காடு எங்கே போயிற்று, எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் படத்தை மட்டும் நம்ப முடியாது. எங்கள் படங்களில் பச்சை மரமெல்லாம் சிவப்பாகத்தான் தெரியும். அந்தச் சிவப்பு அலையாத்தியா, தென்னையா, புல்லா என்று தரையில் நின்று பார்த்தவர் ஒருவர் சொல்லவேண்டும். அதை எங்கள் தொழிலில் தரை உண்மை என்போம். படம் எடுக்கப்படும் அதே நாளில், முடிந்தால் அதே நேரத்தில், அங்கே போய் நிற்பது உத்தமம். ஆனால் அப்படி யாரும் நிற்பதில்லை. ஒரு வாரம் கழித்தோ ஒரு மாதம் கழித்தோ போய்ப் பார்த்துவிட்டு எழுதிவிடுவார்கள். சார் மட்டும் நின்றார்.

வட்டமிட்ட ஒவ்வொரு நாளும் விடியும்போதே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்தைக் கடந்து ஜுருவுக்குப் போய்விடுவார். வானம் எப்படி இருந்தாலும் போவார். இங்கே மேகமாக இருந்தால் அங்கேயும் மேகம் என்று சொல்ல முடியாதே என்பார். முழங்கால்வரை சேற்றில் இறங்கி, ஒளியை அளக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து மணியிலிருந்து பதினொன்றுவரை நிற்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொள்வார். தலையைப் படிய வாரியிருப்பார். சேற்றுக்குப் போகிற மனிதருக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று ஒருமுறை கேட்டேன். "போட்டோ எடுக்கறாங்க இல்ல டாக்டர்?" என்றார். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு பள்ளிக்கூடத் திடலில் பாதி இருக்கும். அதில் அவர் சட்டை எங்கே தெரியப்போகிறது. அவர் மனைவியும் இது தெரிந்தே முந்தைய நாள் மாலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பாராம்.

அவர் நின்றார், மேகமும் நின்றது. பினாங்கு மலையைச் சுற்றிக் காலை ஒன்பதுக்கே மேகம் கூடத் தொடங்கிவிடும். மலையில் இல்லாவிட்டால் கடலில். கடலிலும் இல்லாத நாட்களில் சுமத்ரா பக்கத்திலிருந்து காட்டுத்தீப் புகை வரும். முன்னோட்டப் படங்கள் வெளிநாட்டுத் தரைநிலையத்திலிருந்து தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும். வந்ததும் உறையைக் கிழித்துப் பார்ப்போம், மேகம். அடுத்ததிலும் மேகம். ஆரம்பத்தில் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டோம். ஒரு வருடத்துக்குப் பிறகு, மேகம் என்று சொல்வதையே விட்டுவிட்டோம். அவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் மேசையில் வைப்பார். நான் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பேன். பிறகு டீ குடிப்போம். கவலைப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அது எங்களுக்கு எப்போது தீர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விடுப்பு முடிய ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தபோது அந்த நாள் வந்தது. ஜனவரி மாதம். முந்தைய மாலை மழை கொட்டித் தீர்த்திருந்தது. காலையில் என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அக்கரையில் புக்கிட் மெர்த்தாஜாம் மலை, மரம் மரமாகத் தெரிந்தது. வானத்தில் எதுவுமே இல்லை. வகுப்பு நடத்திக்கொண்டிருந்த நான், பத்தரை மணிக்குப் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலருகே போய் நின்றதைப் பார்த்து மாணவர்கள் என்ன நினைத்தார்களோ. மதியம் சார் வந்தார். காற்சட்டை முழுக்கச் சேறு. முகம் முழுக்கச் சிரிப்பு. உட்காரச் சொன்னால் நாற்காலி அழுக்காகும் என்று உட்காரவில்லை.

"சத்தியமா சொல்றேன் டாக்டர், பளிங்கு மாதிரி வானம். எனக்கே நம்ப முடியல. காலையில இருந்து வெயில் மண்டைய பொளக்குது. கருவிய புடிச்சிக்கிட்டு நிக்க முடியல. பத்தரை வாக்குல கொஞ்சம் நெலலு கெடச்சிச்சு. ஒரு அஞ்சு நிமிசம்தான். குளுகுளுன்னு இருந்திச்சு லா. சாமியே பாத்து கொடை புடிச்ச மாதிரி."

எனக்கும் அது நல்ல செய்தியாகவே பட்டது. பாவம், வெயிலில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்ததே என்று நினைத்தேன். மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அன்று அவர் படிக்கட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கியதாகத் தட்டச்சு அக்கா என்னிடம் சொன்னார்.

அந்த நம்பிக்கையில், இந்தமுறை முன்னோட்டத்துக்குக் காத்திராமல் முழுப் படத்தையே கேட்டு எழுதினோம். அது காந்த நாடாவில், பெரிய வட்டச் சுருளாக வந்து சேர்ந்தபோது மார்ச் ஆகிவிட்டது. அந்தக் காலத்துக் கணினியில் படம் ஒரே வீச்சில் தோன்றாது. வடக்கிலிருந்து தெற்காக, ஒவ்வொரு வரியாகத் திரையில் இறங்கும். இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். கெடா கரை வந்தது. மெர்போக் ஆற்று முகத்தின் அலையாத்திக் காடு கருஞ்சிவப்பில் துல்லியமாக இறங்கியது. எங்கள் படங்களில் பச்சை மரமெல்லாம் சிவப்பாகத்தான் தெரியும். பிறகு தீவின் வடகரை. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் வெள்ளைப் புள்ளிகளாக. பிறகு பாலம், ஒரு மெல்லிய கோடு. ஒரு பொட்டு மேகம் இல்லை. சார் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது அவர் மூச்சு விட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பாலத்துக்குக் கீழே, பெருநிலத்துப் பக்கம், முதலில் ஒரு வெள்ளை விளிம்பு வந்தது. வரி வரியாக அது அகன்றது. ஜுருவின் ஆலைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. அதற்குச் சற்று மேற்கே, கழிமுகமும் மிச்சக் காடும் இருக்க வேண்டிய இடத்தில், அதே வடிவத்தில் கறுப்பு. வெள்ளை மேகம், கறுப்பு அதன் நிழல். காலை வெயில் கிழக்கிலிருந்து அடிக்கும், நிழல் மேற்கே விழும். இதை நான் முதலாண்டு மாணவர்களுக்கே சொல்லிக்கொடுப்பேன். வருடக்கணக்காக மேகத்தைத் தவிர வேறு நினைப்பில்லாமல் இருந்த இரண்டு பேர், பத்தரை மணிக்கு நிழல் கிடைத்தது என்ற வார்த்தையைச் சொல்லியும் கேட்டும், சிரித்து, மைலோ குடித்திருக்கிறோம். மேகத்தை எப்போதும் மேலேயிருந்து படத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு, அது கீழே இறங்கித் தோளில் குளிர்ச்சியாக விழுந்தபோது அடையாளம் தெரியவில்லை.

சார் எழுந்து திரைக்கு அருகே போனார். அந்தக் கறுப்பின் ஓரத்தில் விரலை வைத்தார். "இதுக்குள்ளதான் டாக்டர் நான் நின்னேன்" என்றார். சத்தமாக இல்லை, யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. படத்தின் மீதிப் பகுதி இறங்கிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பேராக் கரைவரை பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கேயும் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு அவர், "சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போய்ச் சாப்பிடுங்க, மணியாச்சு" என்றார்.

மறுநாளே நான் வழி சொன்னேன். படம் முழுக்கத் தெளிவாக இருக்கிறது, ஜுரு மட்டும்தான் இல்லை. மெர்போக்கில் அருமையான காடு. அங்கேயும் இறால் குளம் வெட்டுகிறார்கள், அங்கேயும் மாற்றம் உண்டு. இடத்தை மாற்றிக்கொள்ளலாம். இப்போது போய்த் தரையைப் பார்த்து, பழைய விமானப் படங்களைச் சரிபார்த்து, அங்கே இருப்பவர்களைக் கேட்டு எழுதினால் போதும். உலகத்தில் பாதி ஆய்வுகள் அப்படித்தான் நடக்கின்றன. என்னுடையதும் அப்படித்தான் நடந்தது. அவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் நின்ன எடத்துல படம் இல்ல டாக்டர். படம் இருக்கற எடத்துல நான் நிக்கல."

"சார், நீங்க எங்க நின்னீங்கன்னு சேட்டலைட்டுக்குத் தெரியாது."

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

எனக்குக் கோபம்தான் வந்தது. அட்லஸில் பச்சை என்று இருந்ததை நம்பிப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், இப்போது நானே பார்க்காத இடத்துக்கு வண்ணம் அடிப்பதா என்றார். பார்க்காத இடம் என்று யார் சொன்னார்கள், நாளைக்கே போய்ப் பாருங்கள் என்றேன். அன்றைக்கு நான் அங்கே இல்லையே என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அது நேர்மையா, வெறும் பிடிவாதமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன்: இன்று வேறொரு மாணவருக்கு அதே நிலை வந்தாலும் அதே யோசனையைத்தான் சொல்வேன். அதில் பொய் எதுவும் இல்லை. படிப்பு முடியவேண்டும், பட்டம் கிடைக்கவேண்டும், வீட்டில் ஆள் இருக்கிறது.

சில வாரம் அவர் வரவில்லை. வட்டமிட்ட நாட்கள் வந்தன, போயின. ஜுருவுக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை, வானமும் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு காலை வந்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, மெர்போக்கின் விமானப் படங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் ஆச்சரியப்பட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. அவராகவே சொன்னார்: "வீட்ல ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறா டாக்டர். கேட்டுட்டா பரவால்ல. சோத்த போட்டுட்டு எதிர்ல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருக்கறா. செஞ்சிருவோம்."

செய்தார். அரைகுறையாகச் செய்யவில்லை, அவருக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மெர்போக்கின் ஓடைகளில் படகு வைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு திட்டையும் பார்த்து, குறித்த காலத்துக்குள் ஆய்வேட்டை எழுதி முடித்தார். அதில் ஓர் இடத்தில், 'படம் எடுக்கப்பட்ட நாளில் ஆய்வாளர் இவ்விடத்தில் இருக்கவில்லை' என்று ஒரு வரி இருந்தது. தேவையில்லை என்று அடித்துக் கொடுத்தேன். அடுத்த பிரதியில் அது மறுபடி இருந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி இருந்தது. நான் விட்டுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த வரியைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். ஆனால் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, அப்படியானால் அன்று எங்கே இருந்தீர்கள் என்றார். "ஜுருவில்" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னச் சின்னத் திருத்தங்களோடு தேர்ச்சி என்று முடிவு சொன்னார்கள். கைகொடுக்கும்போது புறத்தேர்வாளர், "வாழ்த்துகள், டாக்டர்" என்றார். சார் திரும்பி என்னைப் பார்த்தார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. எனக்கும் மகிழ்ச்சி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அலுவலகக் கோப்பு ஒன்றை மூடிவைத்த உணர்வு. என் முதல் மாணவர் பட்டம் வாங்கிய நாளைப் பற்றி இப்படி எழுதவேண்டியிருக்கிறதே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. அன்று அந்த வருத்தம்கூட இல்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு அவர் வரவில்லை. பள்ளியில் தேர்வுக் காலம் என்று காரணம் சொன்னார். சான்றிதழை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனதாகக் கேள்விப்பட்டேன். பழைய பள்ளிக்கே திரும்பினார். பட்டத்தைக் கல்வி இலாகாவுக்குத் தெரிவித்திருந்தால் விரிவுரையாளர் வேலையோ உயர்வோ கிடைத்திருக்கும்; அவர் தெரிவிக்கவே இல்லை என்று அவரோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் அவரையும் அவர் மனைவியையும் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, "சார், நீங்க செஞ்ச வேலைய இப்ப வர்ற பிள்ளைங்க..." என்று ஆரம்பித்தேன். அவர் மனைவி சட்டென்று குறுக்கே வந்து, "அந்தப் பழசெல்லாம் இப்ப எதுக்கு டாக்டர்? மேல ஏறிட்டு வந்துட்டீங்களா, கூட்டம் அதிகமா?" என்று பேச்சை மாற்றினார். சார் தன் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வருடங்களில் குடும்பத்தைச் சுமந்த அலுப்பு அந்த அம்மாளுக்கு இன்னும் போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. மழையோ புகையோ இரவோ எதுவும் அவற்றுக்குத் தடையில்லை. அதோடு எங்கள் துறையில் முனைவர் ஆய்விடங்களும் பெருகின. விளம்பர வாசகத்தை நான்தான் எழுதினேன். வயது வரம்பும் அதில் உண்டு. ஒரு பெண் ஜுருவையே எடுத்துக்கொண்டு, உரிய காலத்தில் முடித்துப் போனாள். அதற்குள் அங்கே ஆலைகளுக்கும் கார் விற்கும் கூடங்களுக்கும் நடுவே காடு என்று சொல்ல ஒரு கீற்றுதான் மிஞ்சியிருந்தது. ரேடார் பற்றிச் சாரிடம் ஃபோனில் சொன்னேன். "நல்லது லா டாக்டர். இனிமே பிள்ளைங்க வானத்த பாத்துக்கிட்டு நிக்க வேணாம்" என்றார். அவர் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். எதுவும் இல்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் இருக்கும்போது அவர் போய்விட்டார். மாரடைப்பு. காலையில் நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அவர் மனைவிதான் கூப்பிட்டுச் சொன்னார். நான் "ஓ" என்றேன். அந்தப் பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம், யாரோ வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லும் சத்தம். அழுது முடித்த குரலில் அவர் நிதானமாகப் பேசினார்.

"பேப்பர்ல போட மரண அறிவிப்பு எழுதிக்கிட்டு இருக்கோம் டாக்டர். பெரியவன், அப்பா யூனிவர்சிட்டியில படிச்சாரே, அதப் போடணும்ங்கறான். பாஸ் பண்ணாத படிப்ப எப்படிப்பா போடறது, பாக்கறவங்க சிரிப்பாங்கன்னு நான் சொல்றேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பான்."

"யாரு பாஸ் பண்ணல அக்கா?"

"இவருதான்."

"சார் பாஸ் பண்ணிட்டார் அக்கா. அப்பவே. அவர் டாக்டர்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது; அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"படிப்பு முடிஞ்சிருச்சுன்னுதான் எங்கிட்ட சொன்னாரு. மூஞ்சி நல்லா இல்ல. நான் மேல கேக்கல" என்றார். பிறகு, யாரிடமோ முறையிடுவதுபோல் பேசத் தொடங்கினார். "பாலத்துக்குப் போற வழியில உங்க யூனிவர்சிட்டி வாசல் வருதே டாக்டர். அதப் பாத்தா அவருக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு, ஜுருவுல அவரு அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னா ஃபெரியிலதான் போகணும்னு நான் அடம் புடிப்பேன். கடல் காத்து எனக்கு நல்லாருக்குன்னு சொல்வேன். எனக்கு ஃபெரின்னா தல சுத்தும். இத்தன வருசம், கம்பியப் புடிச்சிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு நிப்பேன். அவரும் ஒண்ணும் சொல்லாம ஃபெரியிலயே கூட்டிக்கிட்டுப் போனாரு."

அவர் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தான் நிற்காத இடத்துக்குக் கிடைத்த பட்டம் தனக்குச் சேராதது என்று நினைத்தார்; அதை வீட்டுக்குள் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. அதை அந்த நேரத்தில், அந்தக் குரலுக்கு, ஃபோனில் எப்படி விளக்குவது. "அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மனைவி ரிசீவரைக் கையில் பிடித்தபடியே மகனிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

"தம்பி, டாக்டர்னு போடு. பேருக்கு முன்னாடி. பெரிசா போடு. இப்ப எழுந்திரிச்சு வந்து வேணாம்னு சொல்லட்டும் உங்கப்பா, பாப்போம்."

அதன்பிறகு அவர் உடைந்து அழுதார். நானும் அழுதேன்.